துவிச்சக்கர வண்டிக்காரனுக்கு வீதியில் இடமில்லையா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெருவீதிகளில் விடியற்புறத்திலே இரு வகையான துவிச்சக்கர வண்டிக்காரரைக் காணலாம். ஒரு வகையினர் மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் திருநெல்வேலிக்கும் சந்தைக்குப் போகும் கமக்காரர். கரியரிலே கத்தரிக்காய் மூட்டை. அதன்மேல் பயற்றங்காய்க் கட்டு. ஹாண்டிலின் இரு புறமும் தொங்கும் பைகளிலே கீரைப்பிடிகள். மற்ற வகையினரை ஞாயிறுகளில் காணலாம். பெரும்பாலும் இளைஞர், இடையிடையே நரைத்த தலையினரும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தோரும் உண்டு. தலைக்கவசம் அணிந்து, பத்தும் இருபதுமாய் அணிசேர்ந்து, காங்கேசன்துறைக்கோ பருத்தித்துறைக்கோ காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கோ உழக்கிச் செல்பவர்கள். முன்னவர் பிழைப்புக்காக ஓடுகின்றார். பின்னவர் உடல் நலத்துக்காகவும் களிப்புக்காகவும் ஓடுகின்றார். ஆயினும் இருவருக்கும் நமது வீதிகள் ஒதுக்கியிருக்கும் இடம் ஒன்றே. தாரின் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கும் கிரவல் சரிவுக்கும் இடையே உள்ள ஒரு சாண் அகலமே அது.

அந்த ஒரு சாணைப் பற்றியே இவ்வாரம் எழுத முற்பட்டோம். காணிகள் இன்னும் முற்றாக விடுபடவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அதிகாரப் பகிர்வோ ஏட்டளவில் நிற்கின்றது. இந்நிலையில் சைக்கிளுக்கு ஒரு தலையங்கமா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மாளும் நாடு இது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். அன்றியும், தன் படலைக்கு முன்னால் ஓடும் வீதியின் ஓரம் எவ்வளவு அகலமாயிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஓர் ஊருக்கு இருக்கின்றதா இல்லையா என்ற கேள்வி, நாம் எழுபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியின் ஒரு சிறு கிளையே ஆகும்.

யாழ்ப்பாணத் தமிழன் துவிச்சக்கர வண்டிக்குப் பட்ட கடனை மறந்துவிட்டான். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது நடந்தவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். மின்சாரம் போயிற்று. எரிபொருளும் பற்றரியும் தடைப்பொருள்களாயின. மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய மோட்டார் வண்டிகள் சில புகை கக்கியபடி ஓடின, மற்றெல்லாம் சைக்கிளே. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சைக்கிள். விறகையும் அரிசியையும் சீமெந்தையும் கிடுகுக் கட்டையும் சுமந்தது சைக்கிள். கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே படகில் கடந்தோர், தம்முடன் சைக்கிளையும் ஏற்றிச் சென்று, அக்கரையில் வன்னியின் மணற்பாதைகளில் உழக்கினர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனை! உலகம் நம்மைப் பற்றி என்ன பேசுகின்றது என்பதைக்கூட அந்த இரு சக்கரங்களே நமக்குச் சொல்லித் தந்தன.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. அன்று சைக்கிளில் ஏறி ஓட இடமிருக்கவில்லை. கரியரில் முதியவரையும் பாரில் குழந்தையையும் இருத்தி, மழையில் நனைந்தபடி உருட்டிக்கொண்டே சென்றார்கள். மீண்டு வந்த பின்னரும் உருட்டுவது ஓயவில்லை. இராணுவக் காவலரண் ஒவ்வொன்றின் முன்பும் இறங்கி உருட்டிச் செல்ல வேண்டும் என்பது கட்டளை. கந்தோருக்குப் போன உத்தியோகத்தரும், பாடசாலைக்குப் போன பிள்ளையும், மீன்பெட்டி கட்டிய குருநகர்த் தொழிலாளியும் ஒரே வரிசையில் இறங்கி நடந்தார்கள்.

அக்காலத்தின் இன்னொரு விளைவையும் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவதைக் குறையாகப் பேசிய ஊர்கள் குடாநாட்டில் இருந்தன. அந்தப் பத்தாண்டுகளில் ஆசிரியையும் தாதியும் பல்கலைக்கழக மாணவியும் சைக்கிளேறினார்கள். பேசிய வாய்கள் தாமாக மூடின. சீர்திருத்தச் சங்கங்கள் மேடையிட்டுச் செய்ய முடியாததை எரிபொருள் தட்டுப்பாடு ஓசையின்றிச் செய்து முடித்தது.

2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. கண்டி வீதி திறந்தது. அதன் வழியே குத்தகைக் கொம்பனிகள் வந்தன. முற்பணம் சிறிது கட்டினால் மோட்டார்ச் சைக்கிளைக் கையிலே கொடுத்தார்கள். வாங்கியவரைக் குறை கூறோம். பத்து மைல் தொலைவில் வேலை செய்பவனுக்கு அது தேவை. ஆனால், அரை மைல் தூரத்துக் கடைக்குத் தேங்காய் வாங்கப் போகவும் மோட்டார்ச் சைக்கிளைக் கிளப்புகின்ற பழக்கமும், சைக்கிளில் வருபவன் வசதியற்றவன் என்ற எண்ணமும் கூடவே வந்து குடியேறின. வழக்கறிஞரும் வைத்தியரும் தலைமையாசிரியரும் சைக்கிளிற் போய்வந்த காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அதனால் எவருடைய மதிப்பும் குறைந்ததாக நாம் அறியோம். இன்று திருமண வீட்டுக்குச் சைக்கிளிற் போகத் துணிபவர் யார்?

பின்னர் 2022 வந்தது. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை நின்று, முடிவில் கியூஆர் குறியீட்டுக்கு அளந்து ஊற்றும் நிலைக்கு நாடு இறங்கியது. கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த றலியும் லுமாலாவும் தூசி தட்டி வெளியே எடுக்கப்பட்டன. ரயரும் ரியூபும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. சைக்கிள் திருத்துபவரின் வாசலில் உத்தியோகத்தர்கள் காத்து நின்றார்கள். நாடு அப்போதாவது ஒரு பாடம் படித்திருக்க வேண்டும். வரிசை மறைந்ததும் படிப்பும் மறைந்தது. அந்த ஆண்டில் சைக்கிளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு முழ வீதியைக் குடாநாட்டில் எவரேனும் காட்டுவாரா?

இனி வீதிகளின் நிலையைப் பார்ப்போம். போருக்குப் பின் போடப்பட்ட காபெற் வீதிகளைப் பெரிய அபிவிருத்தி என்று ஆட்சியாளர் மேடைதோறும் பேசினர். வழுவழுப்பான வீதி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், குண்டும் குழியுமாய்க் கிடந்த பழைய வீதியில் லொறிக்காரனும் மெதுவாகவே போனான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். குழிகள் எல்லோரையும் சமமாக நடத்தின. இப்பொழுது வாகனம் பறக்கின்றது. சைக்கிளோ முன்போலவே மணிக்கு 15 கிலோமீற்றரில் உழக்கப்படுகின்றது. நகர்ப்புறத்தில் மோட்டார்க் கார் 50 கிலோமீற்றருக்கு மேலும், வெளியிலே 70 கிலோமீற்றருக்கு மேலும் ஓடலாகாது என்பது சட்டம். கோண்டாவிலிலும் கொடிகாமத்திலும் வீதியோரத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பவர், அச்சட்டம் எந்த நாட்டுக்கு எழுதப்பட்டது என்று கேட்பார்.

காபெற்றின் ஓரமே சைக்கிள்காரனின் பகைவன். தார்ப்படைமேல் தார்ப்படை ஏற ஏற, வீதியின் விளிம்பு பக்கத்து மண்ணிலிருந்து உயர்ந்துவிடுகின்றது. மாரி மழை கிரவலை அரித்துச் சென்றபின் அது ஒரு படிக்கட்டுப் போலாகின்றது. பின்னால் ஹோர்ண் அடித்து நெருக்கும் பஸ்ஸுக்கு வழிவிடத் துவிச்சக்கர வண்டிக்காரன் இறங்கினால், முன்சக்கரம் அந்தப் படியில் விழும். திரும்பி ஏற முயன்றால், சக்கரம் விளிம்பிலே தேய்ந்து வழுக்கும்; வண்டி வீதியின் உட்புறமாகச் சாயும்; அங்கே பஸ்ஸின் பின்சில்லு வருகின்றது. சந்தை மூட்டை ஏற்றியவனுக்கு இந்த ஆபத்து இருமடங்கு. பின்பாரத்தால் முன்சக்கரம் இலேசாகி, ஹாண்டில் கைக்கு அடங்காது. மதகுகளைப் பாருங்கள். வீதியை அகட்டியவர்கள் சில இடங்களில் மதகை அகட்ட மறந்தார்கள். ஓரமாக வந்தவன் திடீரென நடுவீதிக்கு வரவேண்டும். நகரத்து வாய்க்கால் மூடிகளில் உடைந்தவை உடைந்தபடியே கிடக்கின்றன. இருட்டிய பின் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளைப் பற்றியும், துரத்தி வரும் நாய்களைப் பற்றியும் எழுதப் புகுந்தால் இத்தலையங்கம் முடியாது.

ஒழுங்கைகளின் கதை வேறு. வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கை, கோடையில் புழுதியும் மாரியில் சேறும். தென்மராட்சியின் மணல் ஒழுங்கையில் சக்கரம் புதைந்து, ஏறியவன் இறங்கித் தள்ளுகின்றான். நெருஞ்சி முள் கூடவே உண்டு. முட்குற்றிய ரியூபை ஒட்ட ஒரு கடை இருக்கும் இடம்வரை உருட்டத்தான் வேண்டும். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் நின்ற காலத்தில் மூலையிலே வருபவரின் ஓசையாவது கேட்கும், நிழலாவது தெரியும். இன்று ஆறடி மதில்கள் எழுந்து, ஒழுங்கை முடக்குகள் எல்லாம் குருட்டு முடக்குகளாயின. மதில் கட்டியோரிற் சிலர் ஒழுங்கையிலும் ஒரு முழத்தை விழுங்கியிருக்கின்றார்கள். இது கொழும்பு செய்த குற்றமன்று. நம்மவர் நமக்குச் செய்தது.

இவற்றுக்கெல்லாம் பொறுப்பாளி யார்? இங்கேதான் அரசியல் வருகின்றது. ஏ, பி வகுப்பு வீதிகள் 1981 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. எஞ்சிய சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி மன்றங்களைச் சேர்ந்தவை. தோட்டத்தில் புறப்பட்டுச் சந்தைவரை நான்கு மைல் உழக்கும் கமக்காரன், தன்னை அறியாமலே மூன்று ஆட்சிகளைக் கடந்து செல்கின்றான். முதலாவது ஆட்சி பத்தரமுல்லையில் இருக்கின்றது. காங்கேசன்துறை வீதியின் ஓரம் எத்தனை அடி என்பதை அங்குள்ள பொறியியலாளர் தீர்மானிக்கின்றார். இரண்டாவது ஆட்சி, 2013 செப்டெம்பரில் மக்கள் தெரிவு செய்த வடமாகாண சபை. அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் மாகாணம் ஆளுநரின் கையில் விடப்பட்டது. மூன்றாவது ஆட்சியான உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்தன. பணமில்லை என்ற சாட்டிலே தேர்தல் பின்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதியே வாக்களிக்கும் வாய்ப்பு மீண்டது. இரண்டாண்டுகளுக்கு மேலாக, தன் ஒழுங்கையிலுள்ள உடைந்த மதகைக் காட்டி முறையிடத் தான் தெரிந்தெடுத்த ஒருவரும் இல்லாத நிலையில் நமது கமக்காரன் விடப்பட்டிருந்தான்.

வரி என்று வரும்போது மாத்திரம் துவிச்சக்கர வண்டி எவர் கண்ணுக்கும் தப்புவதில்லை. கிராமச் சங்கங்களின் காலத்தில் ஆண்டுதோறும் தகடு வாங்கிப் பூட்டாத வண்டிக்காரனை மறித்தார்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமும் துவிச்சக்கர வண்டிமீது வரி விதிக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்குக் கொடுத்தே இருக்கின்றது. வரிக்குரிய வண்டி என்று சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்றுக்கு, வீதியிலே இடமுண்டு என்பதையும் ஏற்க வேண்டாமா?

சட்டத்தின் வரலாறும் இதையே காட்டுகின்றது. இங்கிலாந்திலே 1879 ஆம் ஆண்டு ரெய்லர் எதிர் குட்வின் என்ற வழக்கில், கண்மூடித்தனமான வேகத்தில் வண்டி செலுத்திய குற்றத்துக்குச் சைக்கிள்காரனும் ஆளாவான், ஏனெனில் சைக்கிளும் வண்டியே என்று நீதிமன்றம் கொண்டது. தண்டிப்பதற்காகவே முதலில் அவனை வண்டிக்காரனாக்கினார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1888 ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 85 ஆம் பிரிவு, நெடுஞ்சாலைச் சட்டங்களின் நோக்கத்துக்குத் துவிச்சக்கர வண்டி ஒரு வண்டியே என்று பாராளுமன்றத்தின் வாயாலேயே பிரகடனம் செய்தது. கடமை தந்த இடத்தில் உரிமையும் வந்து சேர்ந்தது. டன்லொப் என்னும் மிருக வைத்தியர் பெல்பாஸ்ற் நகரில் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றதும் அதே 1888 ஆம் ஆண்டிலேதான்.

இன்னொன்றையும் மோட்டார் வாகன உரிமையாளர் அறிந்திருப்பது நன்று. நல்ல வீதி வேண்டுமென்று முதன்முதல் கிளர்ந்தெழுந்தவர்கள் அவர்களல்லர். பிரித்தானியாவில் சைக்கிள்காரரின் சங்கங்கள் சேர்ந்து 1886 இல் வீதி திருத்தச் சங்கத்தை நிறுவின. அமெரிக்காவில் 1880 இல் தோன்றிய சைக்கிள்காரரின் கழகம், சேற்று வீதிகளைச் செப்பனிடும்படி கேட்டு நாடெங்கும் இயக்கம் நடத்தியது. அப்போது மோட்டார்க் கார் பிறக்கவேயில்லை, அல்லது தொட்டிலில் கிடந்தது. துவிச்சக்கர வண்டிக்காரன் போராடிப் பெற்ற வழுவழுப்பான வீதியிலிருந்து அவனையே ஓரங்கட்டியது அடுத்த நூற்றாண்டு.

நமது கோட்டையைப் பிடித்து மீளக் கட்டி ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டில் நடந்தது இன்னும் பயன் தருவது. ஒல்லாந்து என்றாலே சைக்கிள் என்று இன்று சிறுபிள்ளையும் சொல்லும். அங்கும் அது தானாக வந்ததன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்களும் மோட்டார்க் காரின் மயக்கத்தில் விழுந்தார்கள். சைக்கிள் பாதைகளை அழித்துக் காருக்குக் கொடுத்தார்கள். 1971 ஆம் ஆண்டில் மாத்திரம் அச்சிறு நாட்டில் 3,000 பேருக்கு மேல் வீதியில் மாண்டனர். அவர்களுள் 400 க்கு மேற்பட்டோர் பிள்ளைகள். தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று தலைப்பிட்டு எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் வீதியை மறித்தனர். பிள்ளைகளைத் திரட்டிச் சைக்கிள் ஊர்வலம் விட்டனர். பாராளுமன்ற வாசல்வரை போயினர். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்நாட்டு அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வாகனங்களைத் தடைசெய்தது. வீதி எவ்வளவு அகலமானது என்பதை மக்கள் அன்றுதான் மறுபடி கண்டார்கள். அங்கு நெருக்கடி ஒரு கொள்கையைப் பெற்றது. 2022 இல் இங்கு வந்த நெருக்கடி எதைப் பெற்றது?

நமது நகரம் நெருக்கடியானது, வீதிகளை மூட இயலாது என்று மாநகர சபையார் சொல்ல முடியாது. நல்லூர்க் கந்தனின் மகோற்சவம் 25 நாள் நடைபெறுகின்றது. கோயிலைச் சூழ்ந்த வீதிகளை ஆண்டுதோறும் மூடுகின்றார்கள். வாகனங்கள் சுற்றிப் போகின்றன. சைக்கிள்களை வளவுகளிலே துண்டு கொடுத்துப் பாதுகாக்கின்றார்கள். நகரம் இடிந்து விழவில்லை. கந்தனுக்காக 25 நாள் முடிகின்ற காரியம், பாடசாலை தொடங்கும் முன் ஒரு மணி நேரமும் விடும்போது ஒரு மணி நேரமும், ஒன்றிரண்டு வீதிகளிலே பிள்ளைகளுக்காக முடியாதா? 2020 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, மனிதரும் மோட்டார் வாகனமும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றரை எல்லையாக வைக்கச் சொன்னது. ஆஸ்பத்திரி வீதியும் ஸ்ரான்லி வீதியும் அத்தகைய இடங்கள் அல்லவென்று எவர் வாதிடுவார்?

ஞாயிறு அணிகளுக்கு வருவோம். அவர்களைப் பார்த்து நாம் மகிழ்கின்றோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குப் போகும் பாதையில் சோளகக் காற்று முகத்தில் அறையும்போது, ஒருவர் முன்னே ஓடிக் காற்றை உடைக்கின்றார். மற்றவர் அவர் மறைவில் வருகின்றனர். சற்றுத் தூரத்தில் அவர் விலக, அடுத்தவர் முன்னே போகின்றார். ஒருவரின் ரயர் வெடித்தால் எல்லோரும் நிற்கின்றார்கள். வைத்தியரும் மேசன் தொழிலாளியும் மாணவனும் ஒரே வேகத்தில் உழக்குகின்றார்கள். 'தம்பி எந்தப் பகுதி?' என்று கேட்டு ஆளை அளக்கும் நமது பழைய நோய், எதிர்காற்றில் உழக்குபவர் நடுவே சற்று அடங்கியிருக்கின்றது. கூட்டம் போட்டு ஒற்றுமை பேசும் நம்மைப் போன்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும், அணியினருக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. கண்டி வீதியில் மூவர் நால்வராய்ப் பக்கம் பக்கமாக ஓடுவது உரிமையன்று. இருள் பிரியுமுன் பின்விளக்கின்றிப் புறப்படுவது வீரமுமன்று. மூட்டையோடு போகும் கமக்காரனைக் கண்டதும் பெல்லை அலறவிட்டு முந்திப் போகின்ற சிலரையும் கண்டிருக்கின்றோம். அவன் இவர்களுக்கு இடைஞ்சலல்லன். அந்த ஒரு சாணின் மூத்த பங்காளி. அவனோடு சேர்ந்தால்தான் இவர்களுடைய குரலுக்குப் பலம் பிறக்கும். களிப்புக்கு ஓடும் இருபது பேர் கேட்டால் அதிகாரி புன்னகை செய்வார். சந்தை வியாபாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் பெற்றோரும் மீனவரும் சேர்ந்து கேட்டால் கோவையைத் திறப்பார்.

செய்யக்கூடியது நிறைய உண்டு. ஒவ்வொரு அணியும் தான் ஓடும் பாதையிலுள்ள உடைந்த மதகையும், வாய்க்கால் மூடியையும், விளிம்பு இறங்கிய இடத்தையும் மைல்கல்லோடு குறித்து வைக்கட்டும். அந்த வீதி எவருக்குரியது, ஓரத்தைப் பேண எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கட்டும், விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி அறிவித்தாக வேண்டும். முறையீட்டை வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுத்திற் கொடுத்துப் பதிவு பெறுவது முக்கியம். மதகு உடைந்திருப்பது தமக்குத் தெரியாது என்று எவரும் பின்னர் சாதிக்க முடியாது. விபத்து நடந்தபின் சபைமீது வழக்குத் தொடுப்பதற்கு ஒரு மாத எழுத்தறிவித்தல் கொடுக்க வேண்டும் என்ற விதியை அறியாமல், நியாயமான வழக்கை இழந்துவிடும் குடும்பங்கள் உண்டு. காலங்கடத்தாமல் சட்ட ஆலோசனை பெறுக.

குடாநாட்டின் எல்லா வீதியும் எல்லோருக்கும் திறந்ததென்றும் எண்ண வேண்டாம். 1990 முதல் மூடிக்கிடந்த வசாவிளான் - பலாலி வீதிப் பகுதியை 2025 ஏப்ரல் 10 ஆம் திகதி இராணுவம் திறந்தது. திறந்த அன்றே நிபந்தனைப் பலகையும் எழுந்தது. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரையே போகலாம், வழியில் நிறுத்தலாகாது, திரும்பலாகாது, படம் எடுக்கலாகாது, நடந்து செல்லலாகாது என்று அப்பலகை அன்று விதித்தது. இந்நிபந்தனைகளைத் துவிச்சக்கர வண்டிக்காரன் நிலையில் நின்று வாசித்துப் பாருங்கள். செயின் கழன்றால் அவன் என்ன செய்வான்? நிறுத்தினால் ஒரு விதியை மீறினான். இறங்கி உருட்டினால் இன்னொரு விதியை மீறினான். நிறுத்தவும் நடக்கவும் உரிமையில்லாத ஒன்றை வீதி என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை. எந்த வேளையிலும், எந்த நிபந்தனையுமின்றி, தன் பூட்டன் நடந்த பாதையில் ஒருவன் சைக்கிளை நிறுத்தி இளைப்பாற முடிகின்ற நாளே அவ்வீதி திறந்த நாள் என்று நாம் கொள்வோம்.

நமது உள்ளூராட்சி மன்றங்களில் தமிழ்க் கட்சிகளின் அங்கத்தவர் பலர் அமர்ந்திருக்கின்றனர். கொழும்பு தரவில்லை என்ற விடை பெருவீதிக்குப் பொருந்தும், ஒழுங்கைக்குப் பொருந்தாது. ஒழுங்கை மூலை மதிலின் உயரத்தைக் கட்டுப்படுத்த, விழுங்கிய முழத்தை மீட்க, சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கூரையோடு கூடிய சைக்கிள் நிறுத்துமிடம் அமைக்க, வாய்க்கால் மூடியை மாற்றப் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. பெருவீதியின் ஓரத்தைப் பொறுத்தவரை, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு யார் அகலத்துக்குத் தாரிட்டுச் சைக்கிளுக்கு ஒதுக்குமாறு எல்லாச் சபைகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி அதிகார சபைக்கு அனுப்பட்டும். மறுத்தால் மறுப்பு எழுத்தில் வரட்டும். அதை இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.

ஆண்டிறுதியில் சபைகளின் வரவுசெலவுத் திட்டங்கள் சமர்ப்பிக்கப்படும். சபை அமர்வைப் பார்வையிடப் பொதுமக்களுக்கு உரிமையுண்டு. கமக்காரரும் ஞாயிறு அணியினரும் தத்தம் சபையின் அன்றைய அமர்வுக்குச் சைக்கிளிலேயே செல்லட்டும். செல்லுமுன், தம் வட்டார அங்கத்தவரைக் கண்டு, அவரும் சந்தைவரை ஒருமுறை தம்மோடு உழக்கிவர இசைவாரா என்று கேட்டுவிட்டுச் செல்லட்டும். சைக்கிள் இல்லையென்று அவர் சொன்னால் ஒன்றைக் கடனாகக் கொடுக்கலாம்.